சீரியல் டெர்மினலை நெட்வொர்க் வழியே சர்வரோடு இணைக்கும்போது தொலைந்துபோவது எழுத்து மட்டுமல்ல

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் எட்டு விடி220 டெர்மினல்கள் (திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட பழைய சாதனங்கள்) இருக்கின்றன. சர்வர் வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. நடுவில் ஈதர்நெட் மட்டும்தான். ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர்களைச் செருகி, ஒவ்வொரு டெர்மினலும் எஸ்எஸ்எச் (குறியாக்கத்தோடு தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் நுழையும் நிரல்) மூலம் சர்வருக்குப் போகும்படி செய்திருக்கிறார். டைப் செய்யும்போது ஒரு குறையும் இல்லை. நீளமான பட்டியலைத் திரையில் ஓடவிட்டால் மட்டும் நடுநடுவே எழுத்துகள் காணாமல் போகின்றன; கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய கேள்விக்குறிகள் முளைக்கின்றன. வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டிலிருந்து 4800-க்கு இறக்கினால் குறைகிறது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. கேபிளை மாற்றுவதா, அடாப்டரை மாற்றுவதா, இதற்கென்றே விற்கிற டெர்மினல் சர்வர் பெட்டியை வாங்குவதா என்று கேட்கிறார்.

கேபிளைத் தொடாதீர்கள். அந்தத் திரும்பிய கேள்விக்குறியே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டது. வந்த எழுத்தை வாங்கிவைக்க இடமில்லாமல் போனால் விடி220 அப்படித்தான் காட்டும். எழுத்து வழியில் கெடவில்லை, சரியாக வந்து சேர்ந்து வாசலில் சிந்தியிருக்கிறது. டெர்மினல் "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்லியிருக்கும். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் எங்கும் தவறு செய்யவில்லை. சீரியல் கம்பி என்பது எழுத்துகளைக் கொண்டுபோகும் குழாய் என்று நினைத்துத்தான் நாம் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். அந்தக் கம்பி எழுத்தோடு சேர்த்து இன்னும் ஐந்தாறு சேதிகளைக் கொண்டுபோகிறது: என்ன வேகம், நிறுத்து, தொடர், எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா, இணைப்பு அறுந்ததா, பிரேக் (எதிர்முனையின் கவனத்தை ஈர்க்கும் தனிச் சமிக்ஞை). நெட்வொர்க்கில் வைத்தவுடன் எழுத்து மட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும். மற்ற ஒவ்வொன்றையும் யார், எந்த இடத்தில் கவனிப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் ஒருநாள் கோளாறாக வந்து நிற்கும்.

இப்போது உங்கள் கோளாறைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 9600 வேகத்தில், ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஸ்டாப் பிட் என்று ஓர் எழுத்துக்குப் பத்து பிட். ஆக விநாடிக்கு 960 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட முழுத்திரைக்கு 1920 எழுத்து, அதாவது இரண்டு விநாடி. விடி220-க்குள் வருகிற எழுத்துகளை வைக்க 254 எழுத்து அளவுக்கு ஒரு பஃபர் உண்டு. அதில் 64 எழுத்து சேர்ந்ததும் "நிறுத்து" என்று பொருள்படும் எக்ஸ்ஆஃப் என்ற ஓர் எழுத்தை அது திருப்பி அனுப்பும். (செட்-அப் திரையில் இதை 128 என்றும் வைக்கலாம், நெட்வொர்க் நடுவில் இருக்கும்போது 64-தான் நல்லது.) மிச்சம் 190 இடம். 960-ஆல் வகுத்தால் சுமார் 0.2 விநாடி. அதற்குள் எதிர்முனை நிற்க வேண்டும். பழைய விடி100 இன்னும் கறார்: 64 எழுத்து பஃபர், 32-இல் எக்ஸ்ஆஃப். மிச்சம் 32 எழுத்து, அதாவது 33 மில்லிவிநாடி.

டெர்மினலும் சர்வரும் ஒரே கம்பியில் இருந்தபோது 33 மில்லிவிநாடி தாராளம். சர்வரின் சீரியல் சிப் 16550 என்றால், எக்ஸ்ஆஃப் வந்தபின் அதன் வயிற்றில் இருக்கிற 16 எழுத்துதான் வெளியே வரும், பிறகு அமைதி. இப்போது நடுவில் எஸ்எஸ்எச் வந்திருக்கிறது. ஒரு செஷனைத் தொடங்கியதும் அந்த நிரல் உங்கள் சீரியல் போர்ட்டை ரா மோடுக்கு (எந்த எழுத்தையும் தானே கவனிக்காமல் அப்படியே கடத்தும் நிலைக்கு) கொண்டுபோகிறது. அப்போது எக்ஸ்ஆஃப் வந்தால் நிறுத்தச் சொல்லும் ஐஎக்ஸ்ஆன் என்ற அமைப்பையும் அணைத்துவிடுகிறது. பயனர் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அப்படியே அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆனால் டெர்மினல் தானாக அனுப்பும் எக்ஸ்ஆஃபும் பயனர் அழுத்தும் கன்ட்ரோல்-எஸ்ஸும் ஒரே பைட்: எண் 19. எஸ்எஸ்எச்சுக்கு வித்தியாசம் தெரியாது. "நிறுத்து" என்ற சேதி பக்கத்திலிருக்கும் சின்னக் கம்ப்யூட்டரில் யார் காதிலும் விழாமல், குறியாக்கப்பட்டு, அடுத்த கட்டடத்துக்குப் பயணம் போகிறது. சர்வர் கேட்டு நிறுத்தும். ஆனால் அதற்குள் புறப்பட்டுவிட்ட எழுத்துகள் வழியிலுள்ள பஃபர்களில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. 4000 எழுத்து நின்றாலே 9600-இல் நாலு விநாடிக்கு மேல் கொட்டிக்கொண்டிருக்கும். டெர்மினலிடம் இருந்ததோ 0.2 விநாடி இடம்.

4800-க்கு இறக்கியபோது குறைந்ததற்கும் இதுதான் காரணம். டெர்மினல் வரைகிற வேகத்துக்கும் எழுத்து வரும் வேகத்துக்கும் இடைவெளி சுருங்கியது, அவ்வளவே. வரிகளை மெல்ல நகர்த்தும் ஸ்மூத் ஸ்க்ரோலை ஆன் செய்திருந்தால் 4800 கூடத் தாங்காது. விடி100-இல் அந்த மோடில் விநாடிக்குச் சுமார் ஆறு வரிதான் ஏறும். பார்க்க அழகாக இருக்கும், ஆனாலும் கோளாறைச் சரிசெய்யும் வரை வரிவரியாகத் தாவும் ஜம்ப் ஸ்க்ரோலுக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, தீர்வு. "நிறுத்து" என்பதை டெர்மினலுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற இயந்திரம் கேட்டு, அங்கேயே நிறுத்த வேண்டும். உங்கள் அமைப்பில் அதற்கு நல்ல வழி, சின்னக் கம்ப்யூட்டரில் நேரே எஸ்எஸ்எச்சை ஓட்டாமல் குனு ஸ்க்ரீனை (மற்ற நிரல்களுக்குப் போலி டெர்மினல் உருவாக்கித் தரும் நிரலை) ஓட்டி, அதற்குள் எஸ்எஸ்எச்சைத் திறப்பது. ஸ்க்ரீனில் ஃப்ளோ என்ற அமைப்பு உண்டு. அதைத் தானியங்கி முடிவுக்கு விடாமல் ஆன் என்று கட்டாயப்படுத்துங்கள். அப்போது சீரியல் போர்ட்டில் ஐஎக்ஸ்ஆன் உயிரோடு இருக்கும். எஸ்எஸ்எச் ரா மோடுக்குக் கொண்டுபோவது ஸ்க்ரீன் கொடுத்த போலி டெர்மினலைத்தான், உண்மையான போர்ட்டை அல்ல. எஸ்எஸ்எச் தொடங்கிய பிறகு இன்னொரு ஷெல்லிலிருந்து எஸ்டிடிஒய் கட்டளையால் அந்தப் போர்ட்டின் ஐஎக்ஸ்ஆனைத் திரும்ப இயக்குவது இன்னொரு வழி. வேலை செய்யும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் கடவுச்சொல் கேட்கும்போது, செஷனை நிறுத்தி மீண்டும் தொடரும்போது என்று எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும் தருணங்கள் பல. ஒன்றைத் தவறவிட்டாலும் கேள்விக்குறி திரும்பிவிடும்.

இதைச் செய்ததும் என்ன நடக்கிறது என்று ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் பிடித்த காட்சி இது. டெர்மினல் எக்ஸ்ஆஃப் அனுப்புகிறது. சின்னக் கம்ப்யூட்டரின் கர்னல் போர்ட்டில் எழுதுவதை நிறுத்துகிறது. ஸ்க்ரீனால் எழுத முடியவில்லை, அதனால் அது உள்ளேயிருக்கும் எஸ்எஸ்எச்சிடமிருந்து வாங்குவதை நிறுத்துகிறது. எஸ்எஸ்எச் நெட்வொர்க்கிலிருந்து வாங்குவதைக் குறைக்கிறது. இணைப்பின் விண்டோ (ஒரே நேரத்தில் அனுப்ப அனுமதிக்கும் அளவு) சுருங்கி, கடைசியில் சர்வரில் பட்டியலை அச்சிட்டுக்கொண்டிருந்த நிரல் ஒரு வரியின் நடுவில் அப்படியே தூங்கிவிடுகிறது. டெர்மினல் "தொடர்" என்ற எக்ஸ்ஆன் எழுத்தை அனுப்பியதும் அதே சங்கிலி மறுபடி விழித்துக்கொள்கிறது. ஒரு பைட்டும் சிந்தாது. வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் தனக்கு அடுத்ததை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-க்யூ இரண்டும் இனி சர்வருக்குப் போகாது. ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் கன்ட்ரோல்-எஸ் தேடுவதற்கு. தேடுதலுக்கு வேறு விசையை ஒதுக்குங்கள். டெர்மினல் வன்பொருள் வழியாகவே, அதாவது ஆர்டிஎஸ்-சிடிஎஸ் போன்ற தனிக் கம்பிகளால் நிறுத்தச் சொல்லுமானால் இந்த இழப்பு இல்லை. பின்னால் வந்த விடி510 போன்றவற்றில் அந்த வசதி உண்டு. உங்கள் விடி220 எக்ஸ்ஆஃபைத்தான் நம்பியிருக்கிறது.

அடாப்டரைப் பற்றி: யுஎஸ்பி-சீரியல் சிப்புக்குள்ளும் நூறு, இருநூறு எழுத்து பஃபர் இருக்கும். கர்னல் நிறுத்தினாலும் சிப்புக்குள் போய்விட்டது வெளியே வரத்தான் செய்யும். விடி220-க்குப் பெரும்பாலும் இடம் போதும், விடி100-க்குப் போதாது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பில் எக்ஸ்ஆஃபைச் சிப்பே கவனிக்கும் வசதி இருக்கிறது. லினக்ஸின் டிரைவரும் ஐஎக்ஸ்ஆன் இருந்தால் அதைப் பயன்படுத்துகிறது. அதனால் அந்தச் சிப் உள்ள நாலு போர்ட், எட்டு போர்ட் அடாப்டரையே சொல்வேன். அப்புறம், எட்டு அடாப்டர் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் போர்ட் எண் இடம் மாறலாம். எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் கொடுக்கும்படி, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யுடெவில் ஒரு விதி எழுதிவிடுங்கள். ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரின் சொந்தச் சீரியல் ஊசிகளை நேரே இணைக்கலாம் என்று நினைத்தால் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை 3.3 வோல்ட் தாங்குபவை. டெர்மினல் பயன்படுத்தும் ஆர்எஸ்-232 தரத்துக் கம்பியில் மைனஸ் 12 வரை வரும். நடுவில் மேக்ஸ்3232 போன்ற மாற்றி இல்லையென்றால் பலகை போய்விடும்.

பெட்டி வாங்குவதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, பெட்டி எதற்குப் பிறந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். தொலைவிலிருக்கும் டெர்மினல்களைச் சேர்த்துக்கொண்டு நெட்வொர்க்கில் பேசும் இயந்திரம் இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டிலேயே 1971-இல் வந்துவிட்டது. டிப் என்று பெயர், 63 டெர்மினல் வரை பிடிக்கும். 1980-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் டெக்சர்வர் பெட்டிகளைக் கொண்டுவந்தது. அவை லேட் என்ற சொந்த நெறிமுறையில் பேசின. அதன் யோசனை கெட்டிக்காரத்தனமானது: ஒரு விசை அழுத்தினால் ஒரு பாக்கெட் என்று அனுப்பாமல், 80 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அந்தப் பெட்டியிலிருந்து ஒரே சர்வருக்குப் போகிற எல்லா டெர்மினல்களின் எழுத்துகளையும் ஒரே ஃபிரேமில் கட்டி அனுப்புவது. டெல்நெட் என்ற பழைய தொலை இணைப்பு நெறிமுறையில் ஓர் எழுத்துக்கு டிசிபி, ஐபி தலைப்புகளுக்கே 40 பைட் சேர்ந்து 41 பைட் போகும். அன்றைய ஈதர்நெட்டில் அது பெரிய விஷயம். ஆனால் லேட் ரௌட்டரைத் தாண்டாது, ஒரே லேனுக்குள்தான் வாழும். பல லேன்கள் சேர்ந்த உலகம் வந்தபோது டெல்நெட் ஜெயித்தது.

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் எக்ஸ்ஆஃபைத் தாங்களே கேட்டு நிறுத்தின. பெட்டியின் வேலையில் பாதி அதுதான். டெல்நெட்டிலோ, இந்த விசையை இங்கேயே கவனி, இப்போது சர்வருக்கு விடு என்று சர்வர் பெட்டியிடம் சொல்லிக்கொள்ளவே தனியாக ஒரு விருப்பம் வரையறுத்தார்கள். 1988-இல் ஆர்எஃப்சி 1080 என்ற இணைய நெறிமுறை ஆவணம், அதைத் திருத்தி 1992-இல் ஆர்எஃப்சி 1372. ஈமாக்ஸ் திறந்திருக்கும்போது கன்ட்ரோல்-எஸ் எங்கே போவது என்ற சண்டை அவ்வளவு பழையது.

ஆக, பெட்டி வாங்கினால் உங்கள் கேள்விக்குறி பிரச்சினை பெரும்பாலும் தானாகத் தீரும். இருந்தாலும் நான் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டரையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். பழைய பெட்டிகள் பல டெல்நெட் மட்டும் பேசுபவை. கடவுச்சொல் உட்பட எல்லாம் வெறும் எழுத்தாக நெட்வொர்க்கில் போகும். எஸ்எஸ்எச் உள்ளவற்றிலும் பழைய குறியாக்க முறைகள்தான் இருக்கும், இன்றைய சர்வர் அவற்றை ஏற்க மறுக்கும். சரிசெய்ய அப்டேட் வராது. பெட்டியைத் தனி விலேனில் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த ஒரு பகுதியில்) பூட்டிவைக்க முடியும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கம்பியைத் தொட வேண்டாம் என்றேன், ஒரே ஒரு காரியத்துக்காக மட்டும் தொடுங்கள். டெர்மினலை அணைத்தால் சர்வரில் செஷன் மூடுகிறதா? உங்கள் கேபிளில் அனுப்பு, வாங்கு, தரை என்று மூன்றே கம்பி இருந்தால் மூடாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அப்படித்தான் இருந்தது. மாலையில் ஒருவர் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் வேறொருவர் அதே டெர்மினலை ஆன் செய்து என்டரைத் தட்டினார். லாகின் கேட்கவில்லை, முந்தைய நாள் ஆளின் ஷெல் அப்படியே காத்திருந்தது. அவர் வைத்திருந்த அனுமதிகளும் அதனுடனே காத்திருந்தன. அன்று யாரும் எதையும் கெடுக்கவில்லை என்பது வெறும் நல்லகாலம். அந்த வாரமே எல்லாக் கேபிள்களையும் மாற்றினோம்.

சரியான கேபிளில் டெர்மினலின் டிடிஆர் ("நான் இருக்கிறேன்" என்று சொல்லும்) கம்பி கம்ப்யூட்டரின் டிசிடிக்கு (எதிர்முனை இருக்கிறதா என்று பார்க்கும் பின்னுக்கு) வரும். டெர்மினல் அணைந்தால் டிடிஆர் விழும், கர்னல் அதைப் பார்த்து அந்தப் போர்ட்டில் ஓடும் நிரல்களுக்கு ஹேங்அப் சேதி அனுப்பும். ஆனால் இப்போது நடுவில் ஸ்க்ரீன் இருக்கிறது. ஹேங்அப் வந்தால் அது செஷனை உயிரோடு வைத்துக்கொண்டு விலகி நிற்கும் பழக்கம் உள்ளது. ஆட்டோடிடாச் என்ற அமைப்பை ஆஃப் செய்துவிடுங்கள், கூடவே சாகும். லாகின் காட்டும் நிரலில் "கேரியரைப் பார்க்காதே", அதாவது டிசிடியைப் பொருட்படுத்தாதே, என்ற அமைப்பு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

டெர்மினல் பக்கம் 25 பின், கம்ப்யூட்டர் பக்கம் 9 பின். 25-இல் அனுப்புவது 2, வாங்குவது 3, தரை 7, டிடிஆர் 20. 9-இல் வாங்குவது 2, அனுப்புவது 3, தரை 5, டிசிடி 1, டிஎஸ்ஆர் 6. எண்கள் ஏற்கெனவே இடம் மாறியிருப்பதால் 2-ஐ 2-க்கும் 3-ஐ 3-க்கும் நேரே கொடுத்தாலே குறுக்கு இணைப்பு ஆகிவிடும். 7-ஐ 5-க்கு. 20-ஐ 1-க்கும் 6-க்கும் சேர்த்து. எந்தக் கம்பி எது என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் போதும். கறுப்பு முனையைத் தரையில் வைத்து, சிவப்பு முனையால் 2-ஐயும் 3-ஐயும் தொட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் ஐந்திலிருந்து மைனஸ் பன்னிரண்டு வோல்ட் போலக் காட்டுகிற பின்தான் அந்தச் சாதனம் அனுப்பும் பின். இரண்டு சாதனத்தின் மைனஸும் ஒரே கம்பியில் வந்து முட்டினால் எழுத்து நகராது.

அடுத்தது நம் மொழிக்காரர்களுக்கென்றே ஒரு பொறி. இன்றைய சர்வர் யுடிஎஃப்-8-இல் (ஓர் எழுத்துக்குப் பல பைட் வரக்கூடிய குறிமுறையில்) பேசும், விடி220-க்கு அது தெரியாது. ஒற்றைப் பைட்டாகத்தான் பார்க்கும். 128 முதல் 159 வரையுள்ள எண்கள் அதற்கு எழுத்தே அல்ல, கட்டளைகள். ஃபைல் பெயரில் ஒரு "ஐ" இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று பைட், கடைசிப் பைட் 144. விடி220-க்கு 144 என்றால் "இனி வருவது திரைக்கல்ல, சாதனத்துக்கான தனிக் குறிப்பு" என்று பொருள். அந்தக் குறிப்பை முறைப்படி முடித்துவைக்கும் எண் 156. அது எந்த எழுத்தின் கடைசிப் பைட் தெரியுமா? "ஜ". ஒரு பெயரைப் பட்டியலிட்டதும் திரை செத்ததுபோல் நின்றால் கம்பியைச் சந்தேகிக்காதீர்கள். ஸ்க்ரீன் நடுவில் இருப்பதில் இன்னொரு லாபம் இதுதான்: டெர்மினலுக்கு யுடிஎஃப்-8 தெரியாது என்று அதற்குச் சொல்லிவிட்டால், காட்ட முடியாத எழுத்துக்கு வெறும் கேள்விக்குறி போட்டுவிடும். இது நேரான கேள்விக்குறி, பயப்பட வேண்டாம். டெர்ம் என்ற மாறியில் விடி220 என்று சரியாக இருக்கட்டும். திரையின் அளவைச் சீரியல் கம்பி சொல்லாது, 24-க்கு 80 என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

இதே பெட்டி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். சர்வரின் கன்சோல் போர்ட்டைப் பெட்டியில் இணைத்து, நெட்வொர்க்கில் எங்கிருந்தோ அந்தப் போர்ட்டுக்குள் நுழைவது. லினக்ஸில் செர்2நெட் என்ற நிரல் இதைச் செய்யும். வேகத்தை மாற்று, பிரேக் அனுப்பு போன்றவற்றையும் நெட்வொர்க் வழியே சொல்ல 1997-இல் ஆர்எஃப்சி 2217 வந்தது. உங்களுக்கு இப்போது இது தேவையில்லை. ஆனால் ஒரு போர்ட்டில் ஒரு திசைதான் என்பதை நினைவில் வையுங்கள். ஒருமுறை ஒரு போர்ட்டில் லாகின் காட்டும் நிரலை நிறுத்த மறந்து, அதிலேயே ஒரு சர்வரின் கன்சோலைச் செருகிவிட்டேன். இரண்டு பக்கமும் "லாகின்:" என்று எழுதின. ஒன்று எழுதியதை மற்றது பயனர் பெயர் என்று எடுத்துக்கொண்டு கடவுச்சொல் கேட்டது. அதை முதலாவது பயனர் பெயராக எடுத்துக்கொண்டது. காலையில் பார்த்தால் லாக் ஃபைல் வட்டை நிறைத்திருந்தது.

மாற்றங்களைச் செய்தபின் இரண்டே சோதனை போதும். நூறு பக்கம் வரக்கூடிய ஒரு ஃபைலை 9600-இல், ஸ்மூத் ஸ்க்ரோல் ஆன் செய்து ஓடவிடுங்கள். ஒரு திரும்பிய கேள்விக்குறிகூட வரக்கூடாது. ஓடும்போதே ஹோல்ட் ஸ்க்ரீன் விசையை அழுத்தினால் திரை உடனே நிற்க வேண்டும், மறுபடி அழுத்தினால் விட்ட எழுத்திலிருந்து தொடர வேண்டும். பிறகு லாகின் செய்த நிலையிலேயே டெர்மினலின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறொரு டெர்மினலிலிருந்து சர்வரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அணைத்த டெர்மினலின் பெயர் சில விநாடிகளில் பட்டியலிலிருந்து போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் 20-ஆம் பின்னிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.